பதினாறு குழிகள்

சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் நெடுஞ்சாலையில், ஆத்தூரைத் தாண்டினால் தலைவாசல். அடுத்து சின்னசேலம், அப்புறம் கள்ளக்குறிச்சி. பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடந்துவிடுகிற ஊர்கள். தலைவாசலில் இறங்கி உள்ளே கொஞ்ச தூரம் போனால், வசிஷ்ட நதிக்கரையில் ஆறகளூர் என்றொரு கிராமம் இருக்கிறது. இன்றைக்கு அமைதியான சாதாரண ஊர். ஆனால் 800 வருடங்களுக்கு முன்னால் அது ஒரு தலைநகரம். மகதை மண்டலம் என்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதியை, சோழர்களுக்குக் கட்டுப்பட்டும் சில சமயம் கட்டுப்படாமலும் ஆண்ட வாணகோவரையர்களின் தலைநகரம்.

அந்த ஊரில் ஒரு கல் கிடைத்திருக்கிறது. 13-ம் நூற்றாண்டுக் கல். அதில் பெரிய வீரப்பிரதாபம் எதுவும் இல்லை. 'மகதேசன் பெருவழி' என்று சாலையின் பெயர், 'காஞ்சிபுரம் 16 காதம்' என்று தூரம். அவ்வளவுதான். நம்ம ஊர் மைல்கல் மாதிரிதான்.

விசேஷம் என்னவென்றால், எழுத்துக்களோடு சேர்த்து அந்தக் கல்லில் குழிகளும் வெட்டியிருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் 16.

எதற்கு? படிக்கத் தெரியாதவன் பாடு என்ன ஆவது! மாட்டு வண்டியில் பொதி ஏற்றிக்கொண்டு வருகிற வண்டிக்காரன், தலையில் உப்பு மூட்டையோடு நடக்கிற ஆள்... எல்லோருக்கும் எழுத்துத் தெரிந்திருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? கல்லைத் தடவி விரலால் எண்ணினாலே போதும். இருட்டில்கூடப் படித்துவிடலாம். இதே உத்தி பக்கத்து தர்மபுரி வட்டாரத்திலும் உண்டு. 'அதியமான் பெருவழி' என்று பொறித்த கற்களில் 27 காதம், 29 காதம் என்று தூரம் போட்டு, அதையே குழிகளாகவும் வெட்டினார்கள். அங்கே இன்னும் கொஞ்சம் கெட்டிக்காரத்தனம். பெரிய குழி என்றால் 10, சின்னக் குழி என்றால் 1. இரண்டு பெரிசு, ஒன்பது சின்னது... 29!

சரி, காதம் என்றால் எவ்வளவு? இங்கேதான் சிக்கலே ஆரம்பிக்கிறது.

பழைய அகராதிகளைப் புரட்டினால், காதம் என்பது சுமார் 10 மைல் என்று இருக்கும். அதாவது 16 கிலோமீட்டர். அப்படிப் பார்த்தால் ஆறகளூரிலிருந்து காஞ்சிபுரம் 256 கிலோமீட்டர் இருக்க வேண்டும். ஆனால், வரைபடத்தில் ஸ்கேல் வைத்து நேர்கோடு போட்டால் சுமார் 170 கிலோமீட்டர்தான் வருகிறது. அதை 16-ஆல் வகுத்தால் ஒரு காதம் 10.6 கிலோமீட்டர். சாலை நேர்கோடாகப் போகாது, வளைந்து நெளிந்துதான் போகும் என்று கொஞ்சம் கூட்டிக்கொண்டாலும் 12 அல்லது 13-க்கு மேல் தாண்டாது. ஆக, அகராதிக் காதம் வேறு, வாணகோவரையர் காதம் வேறு!

இதில் தப்பு யார் மீதும் இல்லை. அந்தக் காலத்தில் தூரம் என்பதே பாதி நேரக்கணக்கு, பாதி களைப்புக்கணக்கு. ஒருவன் கூப்பிட்டால் இன்னொருவனுக்குக் கேட்கிற தொலைவு 'கூப்பிடு தூரம்'. நாலு கூப்பிடு சேர்ந்தால் ஒரு காதம் என்று ஒரு வாய்ப்பாடு. ஏழரை நாழிகை நடந்தால் ஒரு காதம் என்று இன்னொரு வாய்ப்பாடு. நாழிகைக்கு 24 நிமிடம். ஆக, மூன்று மணி நேர நடை. சமவெளியில் மூன்று மணி நேரம் நடந்தால் கடக்கிற தூரமும், மலையில் மூன்று மணி நேரம் ஏறினால் கடக்கிற தூரமும் ஒன்றா என்ன? ஆனால், நடக்கிறவனுக்கு இரண்டும் ஒரு காதம்தான். யோசித்துப் பார்த்தால், அது நியாயமான கணக்காகவும் தெரிகிறது. இந்த விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மலைக்குப் போகும்போது தேவைப்படும்.

மனிதனின் காலையும் தொண்டையையும் நம்பாமல், வண்டிச் சக்கரத்தையே கணக்குப்பிள்ளை ஆக்கினால் என்ன என்று முதலில் யோசித்தவர்கள் யார்? ரோமாபுரிக்காரர்கள் இதில் பேர் வாங்கிவிட்டார்கள். கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கட்டடக்கலை நிபுணர் விட்ருவியஸ் தன் புத்தகத்தில் ஒரு வண்டியை வர்ணிக்கிறார். சக்கரத்தின் குறுக்களவு 4 அடி. ஒரு சுற்று சுற்றினால் பன்னிரண்டரை அடி. 400 சுற்று சுற்றினால் 5,000 அடி, அதாவது ஒரு ரோமானிய மைல். அச்சோடு பல்சக்கரங்களைக் கோத்து, ஒவ்வொரு 400 சுற்றுக்கும் ஒரு கூழாங்கல் 'டொக்' என்று பெட்டிக்குள் விழும்படி ஏற்பாடு. சாயங்காலம் பெட்டியைத் திறந்து கல்லை எண்ணினால் அன்றைக்குப் போன தூரம் தெரிந்துவிடும்.

சீனாக்காரர்கள் இன்னும் ரசனையோடு செய்தார்கள். அவர்கள் வண்டியில் மரப் பொம்மைகள் நின்றன. ஒரு 'லி' தூரம் போனதும் ஒரு பொம்மை மேளத்தை அடிக்கும். பத்து 'லி' ஆனதும் இன்னொன்று மணியை அடிக்கும். அரசர் ஊர்வலம் போகும்போது தூரமும் தெரிந்தது, கொண்டாட்டமும் ஆச்சு!

ஐடியா ஒன்றேதான். சக்கரத்தின் சுற்றளவை எத்தனை சுற்று என்பதால் பெருக்கு. இரண்டாயிரம் வருடங்களாக வண்டியின் தூரக்கணக்கு இந்த ஒரு வரி வாய்ப்பாட்டைத் தாண்டவே இல்லை. கூழாங்கல் போய்ப் பல்சக்கரம் வந்தது, பல்சக்கரம் போய் சிப் வந்தது. பெருக்கல் மட்டும் அதேதான்.

நம் பக்கம் வருவோம். 1802 ஏப்ரல் 10. சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்ப்டன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, 100 அடி நீள எஃகுச் சங்கிலியைத் தரையில் விரித்தார். இந்தியாவையே முக்கோணம் முக்கோணமாக அளந்த மகா சர்வேயின் முதல் கோடு அது. சுமார் 40,000 அடி. ஏழரை மைல் நீளத்துக்கு, சங்கிலியை எடுத்து எடுத்து வைத்து அளந்தார்கள். வெயிலில் எஃகு நீளும் என்பதால், சங்கிலியை மரப் பெட்டிகளில் கிடத்தி, தெர்மாமீட்டர் வைத்து, அதற்கும் கணக்குப் போட்டார்கள். ஒரு கோட்டின் நீளம் துல்லியமாகத் தெரிந்துவிட்டால் போதும். பிறகு மலை உச்சிகளில் நின்று கோணங்களை மட்டும் பார்த்தே மற்ற தூரங்களைக் கணக்கில் கொண்டுவந்துவிடலாம்.

ஆனால், இது காக்கை பறக்கிற தூரம். ராணுவம் பறக்காதே, நடக்குமே! சாலை வழியாக எத்தனை மைல் என்று தெரிந்தால்தானே அரிசியும் மாட்டுத் தீவனமும் எவ்வளவு எடுத்துப் போவது என்று திட்டமிட முடியும்? அதற்கு சர்வேயர்கள் வேறொரு கருவி வைத்திருந்தார்கள். ஒரு பெரிய சக்கரம், அதில் ஒரு கைப்பிடி, சுற்றுகளை எண்ண ஒரு முகப்பு. ஓர் ஆள் அதைத் தள்ளிக்கொண்டே நடக்க வேண்டும். இங்கிலீஷில் அதற்குப் பெயர் பெராம்புலேட்டர். பிற்காலத்தில் குழந்தையை வைத்துத் தள்ளுகிற வண்டிக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள்! ராணுவ சாலைகளையும் வழித்தடங்களையும் அளந்ததில் இந்தத் தள்ளுசக்கரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. குறை என்னவென்றால், மேடு பள்ளம் எல்லாவற்றிலும் விழுந்து எழுந்து உருளுவதால், கரடுமுரடான வழிகளில் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும்.

சக்கரமே போக முடியாத இடம் என்றால்? மனிதனையே மீட்டர் ஆக்கிவிட்டார்கள். இமயமலைக்காரரான நைன் சிங், 1865-ல் சர்வே துறைக்காக மாறுவேடத்தில் திபெத்துக்குக் கிளம்பினார். அந்நியன் அளக்கிறான் என்று தெரிந்தால் தலை போய்விடும். அதனால், ஒரே சீராக அடி வைக்கப் பழகினார். 2,000 அடிவைப்பு ஒரு மைல். கையில் ஜெபமாலை. வழக்கமான 108 மணி இல்லை, 100 மணிதான். நூறு அடிக்கு ஒரு மணி நகர்த்துவார். பார்க்கிறவர்களுக்கு சாமியார் ஜெபிக்கிறார் என்று தோன்றும். மனிதர் லாசா வரைக்கும் இப்படியே எண்ணிக்கொண்டு போனார்! 1877-ல் லண்டன் ராயல் ஜியாக்ரபிகல் சொசைட்டி அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது.

அமெரிக்காவில் 1847-ல் நடந்த கதையும் இதே ஜாதிதான். மார்மன் மதப்பிரிவினர் மேற்கு நோக்கிக் கூண்டு வண்டிகளில் போய்க்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு எத்தனை மைல் வந்தோம் என்று தினமும் ராத்திரி சண்டை. ஆளுக்கொரு நம்பர். அந்தக் கூட்டத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த வில்லியம் கிளேட்டனுக்கு வெறுத்துப்போய்விட்டது. ஒரு வண்டிச் சக்கரத்தை அளந்தார். 14 அடி 8 அங்குலம். 360 சுற்றுக்கு சரியாக ஒரு மைல். சக்கரத்தின் ஓர் ஆரக்காலில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு, பகல் முழுக்க வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்து, துணி மேலே வரும்போதெல்லாம் எண்ணினார். அந்த ஒரு நாளில் 4,070 சுற்றுகள்! 11 மைலுக்குக் கொஞ்சம் மேல். நான்கே நாளில், அவர் கூட்டத்துத் தச்சர் ஒருவர் மரப் பல்சக்கரங்களால் தூரம் எண்ணும் கருவி ஒன்றைச் செய்து வண்டியில் மாட்டினார். பின்னே, வருஷம் பூராவும் துணியைப் பார்த்துக்கொண்டே நடக்க முடியுமா?

சைக்கிள் வந்த பிறகு இந்த ஆசை எல்லோருக்கும் வந்தது. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரத்தில் கர்ட்டிஸ் வீடர் என்பவர் 1895-ல் சைக்கிளில் மாட்டுகிற குட்டி மீட்டரை விற்கத் தொடங்கினார். நாம் கார்களிலும் பைக்குகளிலும் பார்த்து வளர்ந்த ஓடோமீட்டருக்கு அது சித்தப்பா மாதிரி. சக்கரத்திலிருந்தோ கியர்பாக்ஸிலிருந்தோ ஒரு கேபிள் சுழன்றுகொண்டே வரும். பல்சக்கரங்கள் அந்த வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும். வரிசையாக நம்பர் போட்ட சின்னச் சக்கரங்கள். முதலாவது பத்து தடவை சுற்றினால் அடுத்தது ஒரு தடவை. நாம் ஒன்றாம் வகுப்பில் படித்த ஒன்று, பத்து, நூறுதான்!

இந்த மீட்டர் பொய் சொல்லுமா? கொஞ்சம் சொல்லும். டயர் தேயத் தேயச் சக்கரம் சிறுத்துப்போகும். 60 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள சக்கரம், தேய்ந்து 59 ஆனால், 1,000 கிலோமீட்டர் ஓடினதை 1,017 என்று காட்டும். கறாரான ஆடிட்டர் மாதிரி சக்கரம் எத்தனை சுற்று என்பதை மட்டும் எழுதும். சேற்றில் சிக்கி ஒரே இடத்தில் சுழன்றாலும் அதுவும் பயணக் கணக்கில்தான் சேரும்.

தூரம் நம்பராக மாறிய உடனே அது காசாகவும் மாறியது. 1891-ல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் புரூன், தூரத்தையும் காத்திருந்த நேரத்தையும் கட்டணமாக மாற்றிக் காட்டும் டாக்ஸி மீட்டரை உருவாக்கினார். வண்டிக்காரனுக்கும் சவாரிக்கும் நடக்கிற பேரத்துக்கு அன்றோடு முற்றுப்புள்ளி என்று ஐரோப்பா நிம்மதியாக இருந்தது. சென்னையில் என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். 2013 ஆகஸ்டில் அரசு ஆட்டோ கட்டணத்தை மாற்றியமைத்தது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். மீட்டர் இருந்தது, கட்டணம் இருந்தது... 'மேல போட்டுக் குடு சார்' என்பதும் இருந்தது!

காசு வந்தால் தில்லுமுல்லும் வரும். காமர்ஸ் படித்தவர்களுக்கு 'விண்டோ டிரஸ்ஸிங்' என்ற வார்த்தை தெரிந்திருக்கும். நஷ்டத்தில் இருக்கிற கம்பெனியின் கணக்கை அழகாக ஜோடித்துக் காட்டுவது. பழைய கார் மார்க்கெட்டில் அதற்கு இணையான கலை, மீட்டரைத் திருப்பி வைப்பது. லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி, ஒரே ராத்திரியில் நாற்பதாயிரம் ஓடிய இளம் வண்டி ஆகிவிடும். அமெரிக்கா 1972-ல் இதைத் தடுக்கவே தனிச் சட்டம் போட்டது. ஜெர்மனி 2005-ல் தண்டனைக்குரிய குற்றம் ஆக்கியது. மீட்டர் டிஜிட்டல் ஆனதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தார்கள். ஸ்க்ரூடிரைவர் போய் லேப்டாப் வந்ததுதான் மிச்சம்.

அரசாங்க ஜீப்புகளுக்கோ 'லாக் புக்' என்று ஒரு நோட்டு. கிளம்பும்போது மீட்டர் எவ்வளவு, திரும்பும்போது எவ்வளவு, எங்கே போனது, எதற்குப் போனது, எத்தனை லிட்டர் டீசல், அதிகாரி கையெழுத்து. மீட்டர் வேலை செய்யாத வண்டிகளிலும் லாக் புக் மட்டும் ஒழுங்காக வேலை செய்யும் என்பது டிரைவர்கள் வட்டாரத்தில் பழைய ஜோக்.

ஆனால், தூரக்கணக்கு நிஜமாகவே ஜனங்களின் வாழ்க்கையைத் தொடுகிற இடம் பஸ் டிப்போ.

தமிழ்நாட்டில் பஸ்களை அரசுடைமை ஆக்கும் வேலை 1972-ல் பல்லவன் போக்குவரத்துக் கழகத்தோடு வேகம் பிடித்தது. கள்ளக்குறிச்சி இருக்கிற தென்னாற்காடு மாவட்டத்துக்காக, 1975-ல் விழுப்புரத்தைத் தலைமையிடமாக வைத்து தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை டிப்போ மேனேஜர்களின் தூக்கத்தைக் கெடுக்கிற மூன்று நம்பர்கள் உண்டு.

ஒன்று, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர். இரண்டு, கிலோமீட்டருக்கு எவ்வளவு வசூல். மூன்றாவதுதான் முக்கியம். அதன் பெயரே பயமாக இருக்கும்... 'டெட் மைலேஜ்'. டிக்கெட் வசூல் ஆகாமல் பஸ் காலியாக ஓடுகிற தூரம். காஸ்டிங் பாடத்தில் போக்குவரத்துக் கணக்கு போட்டவர்கள் இதை மறந்திருக்க மாட்டார்கள். செத்த கிலோமீட்டரைக் குறை, லாபம் தானாக வரும். பரீட்சையில் பத்து மார்க் கேள்வி.

(நாடு 1960-களிலேயே மைலை விட்டு கிலோமீட்டருக்கு மாறிவிட்டது. நெடுஞ்சாலைக் கற்களை எல்லாம் மாற்றி எழுதினார்கள். இருந்தாலும் நமக்கு அது 'மைல்கல்'தான். பைக் கிலோமீட்டரில் ஓடினாலும் தருவது 'மைலேஜ்'தான்!)

அந்தப் பத்து மார்க் கேள்வியை எடுத்துக்கொண்டு இப்போது மலைக்குப் போவோம்.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை. பிரிட்டிஷ்காரர்கள் 'கல்ராயன்' என்று எழுதினார்கள். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. சுமார் 1,095 சதுர கிலோமீட்டர். ஒரு பக்கம் சேலம் மாவட்டத்தில் கருமந்துறை, இன்னொரு பக்கம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் வெள்ளிமலை. கோமுகி நதி பிறப்பது இங்கேதான். வாழ்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் மலையாளி என்கிற பழங்குடியினர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் கிடையாது. மலையை ஆள்கிறவர்கள், அதனால் மலையாளிகள். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பி வந்தவர்கள் எங்கள் முன்னோர்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. ஆறகளூர்க் கல் காட்டுகிற அதே காஞ்சிபுரம்!

இந்த மலை, இந்தியா சுதந்திரம் அடைந்த பிறகும் நெடுங்காலம் ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகிர்கள். விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் கொடுத்த உரிமை என்று சொல்லிக்கொண்டார்கள். வரி அவர்களுக்கு, வேலையும் அவர்களுக்கு. அரசாங்கம் இந்த மலையைத் தன் நேரடி நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டது 1976-ல்தான். குடியரசு பிறந்து 26 வருடங்கள் கழித்து! அதற்குப் பிறகுதான் சாலை, பள்ளி, பஸ் என்ற பேச்சே ஆரம்பம்.

சாலை வந்தது சரி, தூரம் என்ன ஆச்சு? இங்கேதான் சமவெளிக் கணக்கு உதைக்கும்.

ஒரு பேச்சுக்கு, அடிவாரத்திலிருந்து 2,000 அடி உயரத்தில் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ் செங்குத்தாக ஏற முடியாது. 20 அடி ஓடினால் 1 அடி ஏறலாம் என்று சாலை போட்டால், 2,000 அடி ஏற 40,000 அடி ஓட வேண்டும். லாம்ப்டன் பரங்கிமலையில் சங்கிலி போட்டு அளந்த அதே தூரம்! 12 கிலோமீட்டர். ஆனால், கால்நடையாகப் போகிறவர் ஒற்றையடிப் பாதையில் 4 அடிக்கு 1 அடி என்று இறங்கிவிடுவார். அவருக்கு 8,000 அடி, இரண்டரை கிலோமீட்டருக்கும் குறைவு. வரைபடத்தில் பார்க்கிற அதிகாரிக்கோ இன்னும் பக்கத்தில் தெரியும். ஒரே கிராமம், மூன்று தூரம்!

இதில் எது நிஜம்? நல்ல உடம்போடு இருக்கிற இளைஞருக்கு ஒற்றையடிப் பாதை நிஜம். பிரசவ வலியில் இருக்கும் பெண்ணுக்குச் சாலைதான் நிஜம். சாலையே இல்லாத குக்கிராமம் என்றால், தூளி கட்டித் தூக்கிவரும் நாலு பேரின் தோள்தான் மீட்டர். அந்தக் கணக்கை எந்த லாக் புக்கிலும் எழுதுவதற்கு இடம் இல்லை.

இப்போது டிப்போ கணக்குக்கு வருவோம். இதுவும் ஒரு பேச்சுக்குத்தான். சமவெளியில் 40 கிலோமீட்டர் ரூட். 50 பேர், ஆளுக்கு 30 ரூபாய். 1,500 ரூபாய் வசூல். கிலோமீட்டருக்கு முப்பத்தேழரை ரூபாய். மலையிலும் 40 கிலோமீட்டர் ரூட். 15 பேர், ஆளுக்கு 35 ரூபாய். வசூல் 525. கிலோமீட்டருக்கு 13 ரூபாய். மலையேற்றத்தில் டீசலும் அதிகம் குடிக்கும், பிரேக்கும் டயரும் சீக்கிரம் தேயும். மீட்டரைப் பொறுத்தவரை இரண்டுமே 40 கிலோமீட்டர்தான். கணக்குப் புத்தகம் என்ன சொல்லும்? 'மலை ரூட்டை நிறுத்து' என்று சொல்லும். தனியார் முதலாளி என்றால் மறுநாளே நிறுத்திவிடுவார். அரசு பஸ் என்பதால்தான் அந்த வண்டி இன்னும் கொண்டை ஊசி வளைவுகளில் முனகிக்கொண்டு ஏறுகிறது.

காஸ்டிங் புத்தகம் கற்றுத் தராத ஒரு சங்கதி இங்கே இருக்கிறது. பஸ் ஒரு முறைதான் வரும் என்றால், அதை நம்பி யாரும் வேலைக்கோ ஆஸ்பத்திரிக்கோ கிளம்ப மாட்டார்கள். ஷேர் ஜீப்பில் தொற்றிக்கொள்வார்கள். கூட்டம் குறையும். கூட்டம் குறைந்ததால் வசூல் குறையும். வசூல் குறைந்ததைக் காட்டி அந்த ஒரு முறையும் கேள்விக்குள்ளாகும். செத்த கிலோமீட்டர்கள் பல சமயம் தானாகச் சாவதில்லை.

தூரம் என்பது பஸ் ரூட் மட்டுமா? கலெக்டரைப் பார்க்க வேண்டும் என்றால்? தென்னாற்காடு மாவட்டத்தின் தலைநகரம் கடலூர். கள்ளக்குறிச்சியிலிருந்து நேர்கோடு போட்டாலே சுமார் 88 கிலோமீட்டர். மலையிலிருந்து இறங்கி வருவது தனி. ஒரு மனு கொடுக்க இரண்டு நாள் கூலி போய்விடும். 1993-ல் மாவட்டத்தைப் பிரித்தார்கள். கலெக்டர் விழுப்புரத்துக்கு வந்தார். நேர்கோட்டில் சுமார் 60 கிலோமீட்டர். 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சியே மாவட்டத் தலைநகரம் ஆனது. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு கல்வராயன்மலைக்கென்று தனித் தாலுகாவும் வந்துவிட்டது. மலை ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஆனால் அரசாங்கம் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் வந்தது. தூரத்தைக் குறைக்க சாலை போடுவது ஒரு வழி, ஆபீஸை நகர்த்துவது இன்னொரு வழி!

அப்புறமும் குறையாத தூரம் ஒன்று இருந்தது. அதை நாடு கவனித்தது ஒரு கோரமான சம்பவத்துக்குப் பிறகுதான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சாராயம் என்றாலே கல்வராயன் மலையைக் கைகாட்டும் பேச்சு மறுபடி கிளம்பியது. அப்போது சென்னை உயர் நீதிமன்றம், நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், சி.குமரப்பன் அமர்வு, அந்த மலை மக்களின் நிலைமையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. சாலை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பஸ் என்று அரசிடம் ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டது. 1976 வரை ஜாகிர் ஆட்சி, 1996-ல்தான் ஓட்டுரிமை என்கிற விவரங்கள் எல்லாம் அப்போதுதான் பலருக்குத் தெரியவந்தது.

'சாலையைப் போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடலாம். நடுவில் காப்புக்காடு இருக்கிறது. 1980-ம் வருடத்து வனப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டு நிலத்தை வேறு காரியத்துக்கு எடுக்க மத்திய அரசின் அனுமதி வேண்டும். ஃபைல் ஏறி இறங்கும். 2006-ம் வருடத்து வன உரிமைச் சட்டம் இதற்கு ஒரு குறுக்கு வழி திறந்துவிட்டது. சாலை, பள்ளி, குடிநீர் போன்ற வசதிகளுக்கு, கிராமசபை பரிந்துரை செய்தால், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குள் காட்டு நிலம் எடுத்துக்கொள்ளலாம். வெட்டுகிற மரங்கள் ஹெக்டேருக்கு 75-ஐத் தாண்டக்கூடாது.

ஒரு ஹெக்டேரில் எவ்வளவு தூரம் சாலை போடலாம்? கணக்குப் பார்ப்போம். ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர். ஒரு வண்டி மட்டும் போகிற சாலைக்கு 3.75 மீட்டர் அகலம் என்று வைத்தால் 2,667 மீட்டர். ஓரத்துக்கும் வாய்க்காலுக்கும் இடம் விட்டால் இன்னும் குறையும். சட்டம் திறந்துவிட்ட கதவின் அகலம், இரண்டரை கிலோமீட்டர் சாலை! ஒற்றையடிப் பாதையில் இரண்டரை கிலோமீட்டரில் இருக்கிற கிராமத்துக்கு, சாலை வழி 12 கிலோமீட்டர் வருகிறது என்று மேலே பார்த்தோமே... அந்தக் கிராமத்துக்கு இந்தக் கதவு பத்தாது. அந்த ஃபைல் பெரிய கதவு வழியாகத்தான் போய் வர வேண்டும்.

வாணகோவரையர் காலத்துக் கல்தச்சன், எழுத்துத் தெரியாதவனும் இந்தச் சாலையில்தான் நடக்கிறான் என்று தெரிந்து அவனுக்காக 16 தடவை உளியை இறக்கினான். கணக்கு எழுதுகிறவன் யாரை மனதில் வைத்து எழுதுகிறான் என்பதுதான் விஷயம். டிப்போவில் இன்று மாலை பஸ் வந்து நின்றதும் மீட்டரைப் பார்ப்பார்கள், டிக்கெட் மெஷினைப் பார்ப்பார்கள், வகுத்து ஒரு நம்பர் எழுதுவார்கள். 13 ரூபாய். அதற்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, 'இந்த பஸ் வராமல் போயிருந்தால் இத்தனை பேர் இத்தனை கிலோமீட்டர் நடந்திருப்பார்கள்' என்றும் எழுதினால் என்ன? பெருக்கல் ஒன்றும் கஷ்டமில்லை. 15 பேர், 12 கிலோமீட்டர். 180.

அந்த 180 கிலோமீட்டர், செத்த கிலோமீட்டர் இல்லை.